நம்ம ஆளா, அவங்க ஆளா?

யானைக்கவுனி டீக்கடையில் நண்பர் கேட்டார்: “மதம் மாறினவன் எங்கேயோ அடிவாங்கினா நமக்கென்ன சார்? அவங்க ஆளுங்க பார்த்துப்பாங்க.”

அப்படியா? முந்நூறு வருஷத்துக்கு முந்தைய யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1658-ல் அதைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை போட்டார்கள். பாதிரியாருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை. தடை போட்டவர்களும் கிறிஸ்தவர்கள்தான். ‘அவங்க ஆளுங்க’ பார்த்துக்கொண்ட லட்சணம் இது!

1687-ல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற பாதிரியார் மாறுவேஷத்தில் வந்து இறங்கினார். சில்லாலை கிராமத்துத் தமிழர்கள் உயிரைப் பணயம் வைத்து அவரை ஒளித்துவைத்தார்கள். பூசையெல்லாம் ராத்திரியில், ரகசியமாக. 1692-ல் கண்டிக்குப் போனவரை, போர்த்துக்கீசிய உளவாளி என்று சிறையில் தள்ளினார் மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன். ஆள் யாரென்று புரிந்ததும் அவரே விடுவித்து, ஊழியம் செய்யவும் அனுமதித்தார். மன்னர் பௌத்தர். கடைசிவரை பௌத்தர்தான். அடைக்கலம் கொடுக்க மதம் மாறணும்னு யார் சொன்னது?

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 2002-ல் தமிழகத்தில் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், மதமாற்றச் சடங்கு நடத்துகிறவர் கலெக்டருக்குத் தகவல் தரவேண்டும் என்றது. 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு வாபஸ். உத்தரப் பிரதேசத்திலோ 2024 திருத்தத்தில் தண்டனை ஆயுள்வரை போய்விட்டது. மிரட்டி மாற்றுபவனைப் பிடித்து உள்ளே போடுங்கள், சந்தோஷம். என் மனசு மாறியதற்கு கலெக்டர் ஆபீசில் என்ன வேலை?

ஈரானில் வீட்டுக்குள் ஒளிந்து கூடும் சபைகளுக்காக உருகி ஜெபிக்கிற அன்பர்களே, உங்களுக்கும் ஒன்று. உங்கள் சபைப் பெண் ஒருத்தி நாளைக்கு இஸ்லாத்துக்குப் போனால், அவள் வீட்டுக் கதவு முன்னால் காவலுக்கு நிற்பீர்களா?

நண்பர் இன்னொரு டீ சொன்னார். பதில் சொல்லவில்லை.