ஒன்றரை மணி நேரப் பயணமா?

சரக்குப் பார்க்கவும் வரி விஷயமாகவும் சென்னைக்குப் போய்வரும் நம் வணிக நண்பர்கள் சிலர், "திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரம்தானே" என்கிறார்கள். பலசரக்குக் கடைக்காரர் கணக்கில் இப்படித் தவறலாமா? கொள்முதல் என்றால் லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்துத்தானே அடக்கவிலை போடுகிறோம்! பயணத்துக்கு மட்டும் வேறு கணக்கா?

திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 620 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஜெட் விமானத்துக்கு முக்கால் மணி நேரம் போதுமே என்று தோன்றும். ஆனால் ஓடுபாதை வரை ஊர்ந்து போக, மேலே ஏற, வேகத்தைக் குறைத்து இறங்க என்று நேரம் கூடிவிடுகிறது. அதனால்தான் அட்டவணையில் ஒன்றேகால், ஒன்றரை மணி என்று போடுகிறார்கள். (திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவின் மாலேயும் ஏறக்குறைய இதே தூரம்தான். கொழும்போ சுமார் 360 கிலோமீட்டர். நம் தலைநகரைவிட அயல்நாடு பக்கம்!)

இனி மணவாளக்குறிச்சியில் கடையைப் பூட்டும் நேரத்திலிருந்து எண்ணுவோம். மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலைத் தாண்டி 60 கிலோமீட்டருக்கு மேல் போக இரண்டு, இரண்டரை மணி நேரம். சோதனைகளுக்காக இரண்டு மணி நேரம் முன்னதாகவே அங்கே நிற்க வேண்டும். பறப்பது ஒன்றரை. மீனம்பாக்கத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர அரை மணி. 2019 முதல் அங்கிருந்து மண்ணடிக்கே மெட்ரோ ரயில் இருக்கிறது. அதற்கும் ஒரு மணி நேரம் வையுங்கள். ஆக ஏழரை மணி! வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளுக்கு இந்தக் கணக்கை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரவு ரயிலில் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் ஆகும் என்பது உண்மை. ஆனால் அதில் பாதிக்குமேல் தூங்கும் நேரம். மாலையில் ஏறினால், காலையில் எழும்பூரில் இறங்கிக் குளித்துவிட்டு மண்டி திறக்கும்போது போய் நிற்கலாம். 2024 ஆகஸ்டில் தொடங்கிய நாகர்கோவில் வந்தே பாரத் ஒன்பது மணி நேரத்துக்குள் ஓடுகிறது. வேகம் நல்லதே. ஆனால் பிற்பகலில் புறப்பட்டு இரவில் சேர்வதால் கொள்முதலுக்குப் போகிறவருக்கு ஒரு பகல் வியாபாரமும் விடுதி வாடகையும் நஷ்டம்.

அவசர வைத்தியம், துக்க வீடு என்றால் விமானத்தில் போகத்தான் வேண்டும். அங்கே பணக் கணக்குப் பார்க்கக் கூடாது. அப்போதும் நம்மைத் தாமதப்படுத்துவது விமானம் அல்ல, ரோடுதான். களியக்காவிளை–கன்னியாகுமரி நான்குவழிச் சாலை வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. மாவட்டத்துக்கே தனி விமான நிலையம் வேண்டும் என்று கேட்பவர்களோடு நமக்குச் சண்டையில்லை. முதலில் இந்தச் சாலை முடியட்டும் என்பதே நம் கட்சி.

சமீபத்தில் திருவனந்தபுரம் விமான நிலையம் போய்வந்த உறுப்பினர்கள், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், எங்கே எவ்வளவு நேரம் நின்றோம் என்பதை ஒரு சீட்டில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். நெடுஞ்சாலைத் துறைக்கு மனு எழுதும்போது அந்தச் சீட்டுகளையும் சேர்த்து அனுப்புவோம்.