கதவைச் சாத்திய ஊர்

என் அக்காள் பெண் ஸ்வீடன் தேசத்தில் குடித்தனம் நடத்துகிறாள். போன ஆகஸ்டில் அவளிடமிருந்து கைப்பேசியில் ஒரு படம் வந்தது. கணுக்கால் வரை தொங்கும் முரட்டுக் கம்பளி அங்கி. தலையில் வெள்ளை முக்காடு. இடுப்பிலே தோல் பை. "சித்தி, அடையாளம் தெரிகிறதா? பதினாலாம் நூற்றாண்டுக்குப் போய்விட்டேன்!" என்று கீழே ஒரு வரி. நல்ல வேளை, முக்காட்டுக்குள் மூக்குத்தி மின்னியது. இல்லாவிட்டால் எனக்கு எங்கே தெரியப் போகிறது?

பால்டிக் கடலில் கோட்லண்ட் என்று ஒரு தீவு. அதன் பெரிய ஊர் விஸ்பி. ஊரைச் சுற்றிச் சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய மதில் இன்னும் நிற்கிறது. அங்கே 1984-இல் ஆரம்பித்தது இந்த 'மத்தியகால வாரம்'. ஆகஸ்டில் ஒரு வாரம் கொல்லனும் குயவனும் கடை விரிக்கிறார்கள். குதிரை வீரர்கள் ஈட்டியுடன் மோதுகிறார்கள். பாங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்ப்பவர்கள் அங்கி மாட்டிக்கொண்டு கூடாரத்தில் படுக்கிறார்கள்.

"சாப்பாடு என்னடி?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பேன்?

உருளைக்கிழங்கு கிடையாது, தக்காளி கிடையாது. அவை அமெரிக்காவிலிருந்து வந்தவை. 1492-க்கு முன்னால் ஐரோப்பாவில் யாரும் கண்டதில்லை. பட்டாணி, பார்லி, முட்டைக்கோஸ், உப்புப் போட்ட மீன், இவ்வளவுதான். நமக்கும் அப்போது மிளகாய் ஏது? மிளகுதான். அந்த மிளகு மலையாளக் கரையில் கப்பலேறி, அராபியர் கை, வெனிஸ் வியாபாரிகள் கை என்று மாறி மாறி ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. பணக்காரர் வீட்டுச் சரக்கு! எங்கள் பெண் பார்லிக் கஞ்சியில் தாராளமாக மிளகைத் தட்டிப் போட்டாளாம். பக்கத்துக் கூடாரத்து அம்மாள், "நீ ராஜ வம்சமா?" என்றாளாம்.

அங்கியைக் கையாலேயே தைத்து முடிக்க மூன்று மாதம் ஆயிற்று அவளுக்கு. துணியாவது கடையில் வாங்கியது. அந்தக் காலத்தில் ஆட்டு ரோமத்தைச் சிக்கெடுத்து, தக்கிளியில் நூற்று, பிறகல்லவா நெய்ய வேண்டும்! நெய்வதைவிட நூற்பதற்கே அதிக நேரம் பிடிக்குமாம். அந்த நேரமெல்லாம் பெண்களுடைய நேரம்தான். அதை எந்த ராஜா கணக்கில் எழுதி வைத்தான்?

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, மதிலுக்கு வெளியே போகும் வரை. அவளுடைய பத்து வயதுப் பையன் மரக் கத்தியைச் சுழற்றிக்கொண்டு முன்னால் ஓடியிருக்கிறான். அங்கே ஒரு கற்சிலுவை.

1361 ஜூலை 27. டென்மார்க் ராஜா வால்டெமார் படையுடன் வந்தான். தீவின் உழவர்கள் மதிலுக்கு வெளியே அவனை எதிர்த்தார்கள். ஊரார் கதவைத் திறக்கவில்லை! உழவர்களுக்கும் ஊர் வியாபாரிகளுக்கும் 1288-இலேயே சண்டை, பகை ஆறவில்லை. சுமார் 1,800 உழவர்கள் மாண்டார்கள் என்கிறார்கள். பிறகு ஊரார் வால்டெமாருக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் அங்கே குழிகளைத் தோண்டினார்கள். மீசை முளைக்காத பையன்களின் எலும்புகளும் கிழவர்களின் எலும்புகளும் கிடைத்தன. சங்கிலிக் கவசத்தைக்கூடக் கழற்றாமல் புதைத்திருக்கிறார்கள்.

பையனுக்கு இதையெல்லாம் சொல்லலாமா என்று அவள் தயங்கினாளாம். நானாயிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தக் கலகலப்பு முழுவதும் அந்த வருஷத்தை வைத்துத்தானே நடக்கிறது! கஞ்சியும் கம்பளியும் மாத்திரம் காட்டி, அந்தக் குழியை மறைத்தால் பாதிக் கதைதான். கடைசியில் அவளும் சொன்னாள்.

பையன் கேட்டது ஒன்றே ஒன்று: "கதவுக்குப் பின்னாலிருந்த அம்மாக்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டா இருந்தார்கள்?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. என்னைக் கேட்டு எழுதியிருக்கிறாள். எனக்கும் தெரியவில்லை. அடுத்த வருஷம் அவனுக்கு வீரன் உடுப்பு வேண்டாமாம், உழவன் உடுப்புத்தான் வேண்டுமாம். இப்போதே அளவெடுத்துத் தைக்க உட்கார்ந்துவிட்டாள்.