இன்னிக்கு ஃபாதர் அங்கி

எங்கள் பெருங்குடித் தெருமுனை இஸ்திரிக்காரர் சனிக்கிழமை சாயங்காலம் என் சட்டையைத் தொடமாட்டார். ‘நாளைக்கு வாங்கிக்குங்க சார், இன்னிக்கு ஃபாதர் அங்கி’ என்பார். திங்கட்கிழமை மானேஜர் முன்னால் நான் கசங்கி நிற்பது பற்றி அவருக்குக் கவலை இல்லை.

அங்கியைத் தொடுமுன் கை கழுவுவார். வண்டியில் புதுசாய் ஒரு துணி விரிப்பார். ஒரு பக்கம் குப்பைக் கிடங்கு, மறுபக்கம் ஓ.எம்.ஆரில் மெட்ரோ புழுதி. இந்த ஊரில் கழுத்திலிருந்து கணுக்கால் வரை வெள்ளை உடுத்துவதே ஒரு விசுவாசம்தான்.

வெள்ளை என்றால் பாவம் கழுவப்பட்டது என்று அர்த்தம். ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் போடும் வெள்ளையின் தொடர்ச்சி. லத்தீனில் ‘ஆல்பா’, அதாவது வெள்ளை. வேடிக்கை என்னவென்றால், ஆதியில் இது சாதாரண ரோமாக்காரன் ஆபீஸ் போன உடுப்பு. ஊரில் ஃபேஷன் மாறியது, சாமியார்கள் மாறவில்லை, அவ்வளவுதான். தனி உடை தரித்து அலைந்த சில பிஷப்புகளை 428-ல் போப் முதலாம் செலஸ்டின் கடிதம் போட்டுக் கண்டித்திருக்கிறார். நம்மை ஜனங்கள் அடையாளம் காணவேண்டியது நடத்தையிலும் மனச் சுத்தத்திலும்தான், துணியில் இல்லை என்பது சாராம்சம். யார் கேட்டார்கள்?

நம்மூரில் இந்தத் துணி விவகாரம் ரோம் வரைக்கும் போனது. 1606-ல் மதுரை வந்த இத்தாலிக்காரர் ராபர்ட் டி நோபிலி, கறுப்பு அங்கியும் தோல் செருப்பும் போட்டவனை ஜனங்கள் ‘பரங்கி’ என்று ஒதுக்குவதைப் பார்த்தார். காவி கட்டினார். மரப் பாதக்குறடு, ஒருவேளை மரக்கறி உணவு, தமிழ், சம்ஸ்கிருதம், பூணூல் என்று தத்துவ போதகராகிவிட்டார். கூட இருந்த பாதிரியாரே ‘இது என்ன கோலம்?’ என்று புகார் எழுதினார். விசாரணை வருஷக்கணக்கில் இழுத்து, 1623-ல் போப் பதினைந்தாம் கிரிகோரி ‘சரி, இருக்கட்டும்’ என்றார்.

எனக்கு நோபிலியைப் பிடிக்கும். ஒரே ஒரு இடம்தான் இடறுகிறது. அந்தக் காவி கலையாமலிருக்க அவர் தாழ்த்தப்பட்டவர்களோடு பகிரங்கமாகப் பழக முடியவில்லை. சுத்தத்துக்கென்று உடுத்திய துணி தீட்டையும் முடிந்துகொண்டு வந்துவிட்டது. அப்புறம் 1640 வாக்கில் ‘பண்டாரசாமி’ என்று இன்னொரு கோலம் ஏற்படுத்தினார்கள். அதைப் போட்டவர் எல்லா ஜாதிக்காரரிடமும் போகலாம். ஓரியூரில் 1693-ல் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் அந்தக் கோலத்தில் இருந்தவர்தான். நோபிலி கடைசிக் காலத்தில் கண் பார்வை மங்கி, 1656-ல் இதோ, நம்ம மயிலாப்பூரில் காலமானார். காவியா வெள்ளையா என்று அப்போது அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

போன சனிக்கிழமை ஃபாதர் ஸ்கூட்டரில் வந்திறங்கினார். டி-ஷர்ட், பேன்ட், சொன்னால்தான் தெரியும். அங்கியை மடிக்கும்போது பெட்டியிலிருந்து ஒரு கரித்துண்டு தெறித்து மார்புப் பக்கம் மிளகளவு கறுப்பு. இஸ்திரிக்காரர் முகம் செத்துவிட்டது.

‘பரவாயில்லப்பா’ என்றார் ஃபாதர். ‘மேல பூசை உடுப்பு போடுவேன். மறைஞ்சிடும். யாருக்கும் தெரியாது.’

‘எனக்குத் தெரியுமே ஃபாதர்.’

கொடுக்க மறுத்துவிட்டார். சொம்புத் தண்ணீரில் அந்த இடத்தை மட்டும் நனைத்து, சோப்பைக் குழைத்து, விரலால் தேய்க்க ஆரம்பித்தார். ஃபாதர் ஸ்கூட்டர் ஸீட்டில் உட்கார்ந்து காத்திருந்தார். நானும்தான். என் சட்டை அடியில் கிடந்தது.