வல்லாளனுக்குத் திதி, சரித்திரத்திற்கு?

மாசி மகத்தன்று திருவண்ணாமலைச் சாமியைப் பள்ளிகொண்டாப்பட்டுக்குத் தூக்கிப்போய் வல்லாள மகாராசாவுக்குத் திதி கொடுக்கும் வேடிக்கையை நமது தோழர்கள் அறிவார்கள். பிள்ளையில்லாத அரசனுக்குச் சிவனே பிள்ளையாக வந்தாராம். அதனால் வருஷந்தோறும் மகன் செய்யவேண்டிய கடனாம்! எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் அந்தப் பிள்ளைக் கதையை விஸ்தாரமாய்ச் சொல்லுகிறது.

நிற்க. அந்த அரசன் எப்படிச் செத்தான் என்பது திதி பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவன் திருவண்ணாமலையைத் தலைநகராய்க் கொண்டிருந்த போசள அரசன் மூன்றாம் வல்லாளன். எண்பது வயதுக் கிழவன், மதுரை சுல்தானுடைய கொப்பம் கோட்டையை முற்றுகையிட்டான். உள்ளேயிருந்தவர்கள் கெஞ்சவே, 14 நாள் தவணை கொடுத்தான். அந்தத் தவணைக்குள்ளேயே சுல்தான் படை வந்து பாய்ந்தது. பிடிபட்டவனுடைய பொருளையெல்லாம் பறித்துக்கொண்டு, கொன்று, தோலை உரித்து, வைக்கோலடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். இது 1342-ஆம் வருஷத்தையொட்டி நடந்தது. அதைக் கண்ணால் கண்டதாக எழுதிவைத்தவர் இபின் பதூதா என்னும் வழிப்போக்கர்.

இந்த வியாதி நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதல்ல. 410-இல் ரோமாபுரி கொள்ளை போனபோது, பழைய சாமிகளைக் கைவிட்டதால் வந்த கேடு என்றார்கள் சிலர். அதை மறுக்க, அகஸ்தீன் சொற்படி ஒரோசியுஸ் என்ற பாதிரி 417-ஐ ஒட்டி ஏழு புத்தகங்கள் எழுதி முடித்தார். பழங்காலத்து யுத்தம், பஞ்சம், கொள்ளைநோய்களையெல்லாம் பொறுக்கியெடுத்து, கிறிஸ்துவுக்கு முன்தான் துன்பம் அதிகம், எல்லாம் கடவுள் திட்டம் என்றார். தீர்ப்பை முதலில் எழுதிவிட்டுச் சாட்சியைப் பிறகு தேடியவர் அவர். ஆனாலும் ஆயிரம் வருஷகாலம் ஐரோப்பா அதையே உலக சரித்திரமென்று படித்தது. இங்கிலீஷிலும் அரபியிலுங்கூட மொழிபெயர்த்தார்கள்.

அவராவது நடந்த சண்டைகளைச் சொல்லிக் கடவுளைக் காரணமாக்கினார். நமது புராணக்காரரோ சண்டையையே விழுங்கிவிட்டார்! எதிரியின் பேச்சை நம்பித் தவணை கொடுத்து ஏமாந்தான் என்ற படிப்பினை அதோடு போயிற்று, மிஞ்சியது திதி.

இபின் பதூதாவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. கல்வெட்டோடு ஒட்டிப் பாருங்கள், அறிவோடு உரசிப் பாருங்கள் என்கிறோம். மாசி மகத்துக்குப் போகிறவர்களை ஒன்றே ஒன்று கேட்கிறோம்: அப்பன் தோல் மதுரை மதிலில் தொங்கியபோது பிள்ளை எங்கே போயிருந்தார்?