சர்வே கேம்ப்பை பரங்கிமலைக்கு மாத்துங்க

போன மே மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாஸ்டல்ல மிச்சம் இருந்த நாங்க நாலு பேர் தாம்பரத்துல முதல் எலக்ட்ரிக் ட்ரெயின்ல ஒண்ணைப் பிடிச்சு பரங்கிமலையில இறங்கினோம். கொடைக்கானல் போகக் காசு இல்ல. அதைத் தவிர பெரிய லட்சியம் எதுவும் கிடையாது.

நூத்தி முப்பது சொச்சம் படி. மலைன்னு சொல்றதே கொஞ்சம் ஜாஸ்திதான், முந்நூறு அடிதான் உயரம். ஆனா ஆறு மணிக்கு மேல நின்னா மீனம்பாக்கத்துல விமானம் நமக்குக் கீழ இறங்குது, கிழக்கே கட்டடங்களுக்கு அந்தப் பக்கம் கடல் வெளிறிப்போய்த் தெரியுது, தென்மேற்கே திரிசூலம் குன்றுகள். கடல் காத்து வந்துச்சு. ஏழு மணி ஆனதும் அதுவும் நின்னுபோச்சு.

மேல ஒரு மார்பளவு சிலை இருக்கு. வில்லியம் லாம்டன். சிவில் பசங்க நாலு பேரும் அதுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்தோம், ஆள் யாருன்னு கூகுள் பண்ணித்தான் தெரிஞ்சுகிட்டோம். இதை எழுதுறப்போ வெக்கமாத்தான் இருக்கு.

1802 ஏப்ரல் 10ஆம் தேதி தொடங்கி மே 22 வரைக்கும், அதாவது நாம ஃபேனுக்குக் கீழ படுத்துக் கிடக்கிற அதே நாட்கள்ல, லாம்டனோட ஆட்கள் பரங்கிமலையில இருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரைக்கும் ஒரு நேர்கோட்டை அளந்திருக்காங்க. நீளம் ஏறக்குறைய 40,006 அடி. நம்ம கணக்குல 12.19 கிலோமீட்டர். அந்த அடிக்கோட்டுல தொடங்கின முக்கோண அளவைதான் பின்னால இமயமலை வரைக்கும் போச்சு. எவரெஸ்ட்டோட உயரம் கணக்குப் போட்டது அந்த அளவையில கிடைச்ச எண்களை வச்சுத்தான்.

கருவி என்னன்னா 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசா போன சங்கிலி, அங்கே வேண்டாம்னு திரும்பி வந்தது! அதை மரப்பெட்டிக்குள்ள நீட்டி, தாங்கிகள் மேல மட்டமா வச்சு, வெயில் படாம மேலே கூடாரம் கட்டி, பக்கத்துல தெர்மாமீட்டர் வச்சு ஒவ்வொரு தடவையும் குறிச்சுகிட்டாங்க. இப்படி நானூறு தடவை.

ஏன் இவ்வளவு பாடு? செகண்ட் இயர் சூத்திரத்தையே போட்டுப் பாருங்க. எஃகோட விரிவுக் கெழு 12×10⁻⁶. வெப்பம் பத்து டிகிரி ஏறினா 100 அடிச் சங்கிலி 3.7 மில்லிமீட்டர் நீளும். நானூறால பெருக்கினா ஒன்றரை மீட்டர்கிட்ட தப்பு. டெம்பரேச்சர் கரெக்‌ஷன்னு ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணினது எனக்கு அந்த மலை மேல, சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டப்போதான் புரிஞ்சுது.

ஒரு விஷயம் உறுத்துது. சங்கிலியைத் தூக்கினவங்க, கொடி பிடிச்சவங்க, புதர் வெட்டினவங்க எல்லாம் நம்மூர் ஆளுங்க. அவங்களுக்குச் சிலை இல்ல.

சரி, இப்போ நம்ம கேம்ப். காலேஜ் கிரவுண்டுக்கும் கேன்டீனுக்கும் நடுவுல டிராவர்ஸ் போடுறோம். அதே ஸ்டேஷன், அதே வேப்பமரம், சீனியரோட ரெக்கார்டுல இருந்து அதே ரீடிங். கடைசியில க்ளோஸிங் எரர் அழகா சரியா வரும், ஏன்னா அது மூணு வருஷத்துக்கு முன்னாடியே சரி பண்ணினது. இதைச் சொன்னா கோபப்படாதீங்க, என் ரெக்கார்டும் அப்படித்தான்.

அதுக்குப் பதிலா பரங்கிமலையில ஒரு ஸ்டேஷன், பெரும்பாக்கம் பக்கம் ஒரு ஸ்டேஷன்னு வச்சு அந்த தூரத்தை நாமளே கண்டுபிடிக்கணும். நேர்ப்பார்வை கிடைக்காது, தெரியும். நாங்க அன்னைக்கே பெரும்பாக்கம் வரைக்கும் ஷேர் ஆட்டோவுலயும் நடந்தும் போய்ப் பார்த்தோம். வழி முழுக்க அபார்ட்மென்ட். "இங்க மலை எங்கண்ணே இருக்கு?"ன்னு டீக்கடையில கேட்டா, "எந்த மலை தம்பி?"ன்னு அவர் திருப்பிக் கேட்டார். ஆனா அதுதானே சர்வே? பார்வை மறைஞ்சா எப்படிச் சுத்திப் போய் கோணம் எடுக்கிறதுன்னு கத்துக்கத்தானே கேம்ப்? ஜிபிஎஸ் வச்சுச் சரிபார்த்துக்கலாம். லாம்டனோட எண்ணுக்கு யார் குரூப் பக்கத்துல வருதுன்னு போட்டி வச்சா, காப்பி அடிக்கக்கூட யாருக்கும் தோணாது.

அறுபது பேரை வெயில்ல கூட்டிட்டுப் போக முடியாதுன்னு ஸ்டாஃப் சொல்வாங்க. நியாயம்தான். வீரம் காட்ட வேண்டாம். காலையில ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் போதும், மிச்ச நேரம் வகுப்புல கணக்கு. மேடவாக்கம் பக்கத்துல நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள்ள போகணும்னா வனத்துறை அனுமதி வேணும், அதையும் முறையா கேட்டு வாங்கலாம். முள்ளுக்காடுதான், ஆனா கைவிட்ட குவாரிப் பாறை இடுக்குல கொம்பன் ஆந்தை கூடு கட்டுற காடு. அனுமதி கிடைக்கலைன்னா காட்டை விட்டுடலாம், கோடு மட்டும் போதும்.

ஸ்டாஃப் இல்லாம நாம தனியா எங்க போறோம்னு அவங்க யோசிச்சுப் பார்க்கணும். கல்குவாரிக் குட்டைக்கு. நம்ம புறநகர்ல கோடைக்குக் கோடை பசங்க அதுல மூழ்கிச் சாகுறாங்க. கரையில இருந்து ரெண்டு அடி வச்சா தரை கிடையாது, வெட்டின பாறை நேரா கீழ இறங்கும். மேல தண்ணி சூடா இருக்கும், கீழ கை கால் மரத்துப்போற குளிர். எங்க நாலு பேர்ல ஒருத்தன் அன்னைக்கும் "வழியில ஒரு குட்டை இருக்கு, ஒரு முங்கு"ன்னு சொன்னான். நாங்க போகலை. போகாததுக்குக் காரணம் புத்தி இல்ல, பஸ் வந்துடுச்சு.

இந்த வருஷ கேம்ப் தேதி இன்னும் நோட்டீஸ் போர்டுல போடலை. துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி வச்சிருக்கோம். தேர்ட் இயர், செகண்ட் இயர் யாரா இருந்தாலும் வந்து கையெழுத்து போடுங்க, லைப்ரரிக்கு எதிர்ல சாயங்காலம் நாலரைக்கு இருப்போம்.