குப்பைக்கு விலை கேட்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும். இன்று கோபத்தோடு எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

போன மாதம் எங்கள் வீட்டுக் காதுகுத்து விசேஷத்துக்கு வந்தவர்களுக்கு நடந்தது தெரியும். பந்தி முடிந்து எல்லோரும் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது, என் மகள் வயிற்றுப் பேரனின் நோட்டை அவனுடைய தாய்மாமன், அதாவது என் இளைய மகன், பிடுங்கிச் சத்தமாகப் படித்தான். பேரன் எட்டாம் வகுப்பு. நோட்டின் தலைப்பு, "ஒன்றுக்கும் உதவாத பொருட்கள்". அதில் இருந்தவற்றில் சில:

மூன்று நரைமுடி சிக்கிய உடைந்த சீப்பு.
மூடி மட்டும், ஜாடி இல்லை.
நூலில் கோத்த பூதத்தின் பால்பல்.
ஒரு மந்திரவாதியின் சலவைக் கணக்கு: அங்கி 3, தொப்பி 1, காலுறை ஒற்றை.
பாதி செதுக்கிய மரக்குதிரை, கால் மூன்று.
"திரும்பி வருகிறேன்" என்று மட்டும் எழுதி, யாருக்கு என்று எழுதாத கடிதம்.

மண்டபமே சிரித்தது. நானும் சலவைக் கணக்குக்குச் சிரித்தேன், அது சிரிக்கத்தான் எழுதியது. ஆனால் மாமன் அதோடு விடவில்லை.

"ஏல, இதெல்லாம் எடுத்தா கேம்ல எத்தனை பாயிண்ட்?"

"ஒண்ணும் கிடையாது மாமா."

"வித்தா காசு வருமா?"

"வராது."

"அப்புறம் எதுக்குல உக்காந்து எழுதுதே?"

பையன் பதில் சொல்லவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் கழித்துத் தற்செயலாக அந்த நோட்டைப் பார்த்தேன். 43 பொருளில் 31-க்குப் பென்சிலால் விலை போட்டிருந்தான். சீப்பு 2 செம்புக் காசு. பூதப் பல் 1 வெள்ளி. சலவைக் கணக்கு, பின்பக்கம் எழுதப் பயன்படும், 1 செம்பு. விலை போட முடியாத 12 பொருளைக் குறுக்கே அடித்துவிட்டான். மரக்குதிரையும் கடிதமும் அந்தப் பன்னிரண்டில் இருந்தன.

அதைப் பார்த்த அன்றிலிருந்து மனது ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்கு முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற ஊரைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும், டேவ் ஆர்னசன் என்பவரும் சேர்ந்து உருவாக்கியது. இதற்குத் திரை வேண்டாம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு சாகசக்காரர். நிலவறை, குகை, பாழடைந்த கோட்டை என்று போவார்கள். "நான் கதவைத் தள்ளுகிறேன்" என்று ஒருவர் சொன்னால் கதவுக்குப் பின்னால் என்ன என்று கதை நடத்துபவர் சொல்வார். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். அதில் இருபது முகப் பகடைகூட உண்டு. என் பேரன் நான்கு நண்பர்களுக்குக் கதை நடத்துகிறான். அந்த நிலவறைகளில் அவர்கள் கண்டெடுக்கப் போகிற பொருட்களைத்தான் அவன் எழுதி வைத்திருந்தான்.

"விளையாட்டில் உபயோகம் இல்லாத பொருள் எதற்கு?" இதுதான் மாமன் கேள்வி. என் பதிலைச் சொல்கிறேன்.

பழைய விதிகளில் ஒரு கணக்கு இருந்தது. நிலவறையிலிருந்து ஒரு தங்கக் காசு கொண்டுவந்தால் ஒரு அனுபவப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் உங்கள் ஆள் அடுத்த நிலைக்கு உயர்வான். தூக்குகிற சுமையைக்கூடக் காசு எடையில்தான் அளந்தார்கள், பத்துக் காசு ஒரு பவுண்டு என்று. வீரனுடைய அனுபவத்துக்கும் காசு, முதுகுச் சுமைக்கும் காசு! 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில், தங்கத்துக்குப் புள்ளி கொடுப்பதை விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்கள். நம் வீடுகளில் அந்த விதியை இன்னும் யாரும் மாற்றவில்லை. மார்க் வருமா, வேலைக்கு ஆகுமா, சான்றிதழ் உண்டா என்றுதான் கேட்கிறோம்.

ஆனால் அந்தப் பழைய காலத்திலேயே கைகாக்ஸ் இன்னொன்றும் செய்தார். 1979-இல் கதை நடத்துபவர்களுக்காக அவர் எழுதிய வழிகாட்டி நூலின் பின்னிணைப்பில், நிலவறையில் சும்மா கிடக்கும் பொருட்களுக்கென்றே அட்டவணைகள் போட்டார். உடைந்த அம்பு, சாம்பல், எலும்பு, ஒட்டடை. பகடை உருட்டி எது கிடக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் விளையாடுபவர் கையேட்டிலேயே நூறு சின்னப் பொருள் கொண்ட பட்டியல் இருக்கிறது. யாருக்கும் தெரியாத நாட்டில் ஒரு துண்டு நிலத்துக்குப் பத்திரம், படிக்கத் தெரியாத மொழியில் ஒரு நாட்குறிப்பு என்று போகிறது. விரும்பினால் புது ஆள் ஒவ்வொருவரும் அதில் ஒன்றோடு பயணம் தொடங்கலாம். கத்தியும் கேடயமும் கொடுத்த கையால் இதையும் கொடுக்கிறார்கள். என் பேரன் செய்தது கிறுக்குத்தனம் இல்லை, அந்த விளையாட்டின் பழைய வழக்கம்.

சரி, அதனால் என்ன லாபம்? நான் பார்த்ததையே சொல்கிறேன். லீவில் அவன் இங்கே வந்திருந்தபோது என்னையும் சேர்த்துக்கொண்டான். நான் ஒரு கிழட்டு மருத்துவச்சி. நண்பர்கள் வீடியோவில். கொள்ளையர் குகைக்குள் நுழைந்தோம். கொள்ளையர்கள் வெளியே போயிருந்தார்கள். உள்ளே 40 வெள்ளிக் காசும் ஒரு நல்ல வாளும் இருந்தன. அதோடு, ஒரு குழந்தையின் இடதுகால் செருப்பு, வார் அறுந்து கறுப்பு நூலால் தைத்தது.

காசை ஆளுக்கு எட்டாகப் பிரிக்க ஒரு நிமிடம் ஆகவில்லை. வாளை யார் எடுப்பது என்று கொஞ்சம் சண்டை. பிறகு ஒரு பையன் கேட்டான்: "அந்தச் செருப்பு யாரோடது?"

அதற்கு மேல் இருபது நிமிடம் அதே பேச்சு. கடத்திவந்த குழந்தையா? கொள்ளையன் பெற்ற குழந்தையா? தைத்தது யார்? குகைக்குத் தீ வைத்துவிட்டுப் போவதாகத்தான் முதலில் திட்டம் போட்டிருந்தார்கள். வைக்கவில்லை. "குட்டிப் பிள்ளை உள்ள எங்கயாவது ஒளிஞ்சிருந்தா?" என்று ஒருவன் சொன்னதும் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். பதின்மூன்று வயதுப் பையன்கள்! வாளும் காசும் அவர்களை அப்படி ஒரு நிமிடம்கூட நிறுத்தி வைக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பேரனிடம் கேட்டேன், "அந்தப் பிள்ளை யாருல?"

"தெரியாது ஆச்சி, சும்மாதான் எழுதினேன். இனிமேதான் யோசிக்கணும்."

இதுதான் என் வாதம். விலை உள்ள பொருளைப் பார்த்தால் "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுப் பையில் போட்டுக்கொள்வோம். விலை இல்லாத பொருளைப் பார்த்தால்தான் "யாருடையது?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி வராவிட்டால் குகையில் இருப்பவன் வெறும் எதிரி. வெட்டு, காசை எடு, அடுத்த அறைக்குப் போ. எட்டாம் வகுப்புப் பையனுக்கு அந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுக்க எனக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இவ்வளவு சுலபமான வழி கிடைத்ததில்லை.

கம்ப்யூட்டர் விளையாட்டிலும் இப்படி உண்டு என்று சிலர் சொல்வீர்கள். உண்டுதான். 1987-இல் வந்த நெட்ஹேக்கில் மாணிக்கம் போலவே தோன்றும் மதிப்பில்லாத கண்ணாடித் துண்டு கிடைக்கும். 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் குப்பைப் பொருளின் பெயரைச் சாம்பல் நிறத்தில் காட்டுவார்கள். சாம்பல் நிறம் என்றால் யோசிக்காதே, கடைக்காரனிடம் தள்ளிவிடு என்று பொருள். அங்கேயும் கடைசியில் சில்லறைதான். மேசையில் ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து கதை நடத்தும்போதுதான் செருப்பைப் பற்றிக் கேள்வி கேட்டால் பதில் வரும்.

எதிர்க்கட்சி வாதத்தையும் மறைக்க மாட்டேன். இந்தக் குப்பையால் நேரம் வீணாகும் என்பது உண்மை. ஜாடி இல்லாத அந்த மூடியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நாங்கள் பாடாய்ப் பட்டோம். தட்டினோம், திருகினோம், தண்ணீரில் போட்டோம், மந்திரம் சொன்னோம். ரகசியம் இருக்கும் என்று நினைத்தோம். ஒன்றும் இல்லை. ஒரு பையன் கோபித்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான். அது பேரன் தப்பு. அவனிடம் மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, ஒரு இடத்தில் ஒரு குப்பை போதும், குவிக்காதே. இரண்டு, அந்தப் பொருளில் ஒரு ஆளின் கை பட்ட அடையாளம் இருக்க வேண்டும். வெறும் செருப்பு போதாது, தைத்த செருப்பு வேண்டும். மூன்று, "இதில் மந்திரம் உண்டா?" என்று நேராகக் கேட்டால் இழுத்தடிக்காமல் இல்லை என்று சொல்லிவிடு. குப்பை எழுதுவதற்கும் முறை உண்டு. முறை தெரியவில்லை என்றால் கற்றுக்கொடுக்கலாம். "எதுக்குல எழுதுதே?" என்று கேட்டால் பிள்ளை எழுதுவதையே விட்டுவிடும்.

மகனை மட்டும் குற்றம் சொன்னால் நியாயம் இல்லை. என் கணக்கையும் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான்காம் வகுப்பு எடுத்தபோது, திங்கட்கிழமை காலையில் நகம், தலை பார்ப்பதோடு பையன்களின் டவுசர் பையையும் காலி செய்யச் சொல்வேன். என்னிடம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புளியங்கொட்டை, சோடா மூடி, தீப்பெட்டிப் படம், வளையல் துண்டு, பம்பர ஆணி. எல்லாம் குப்பைக் கூடைக்குள் போகும். வேடிக்கை என்னவென்றால், ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே கழிவுப் பொருளில் கற்பித்தல் துணைக்கருவி செய்வது. புளியங்கொட்டையும் சோடா மூடியும் அட்டையில் ஒட்டி எண் கற்பித்து நான் பாராட்டு வாங்கியிருக்கிறேன். நான் ஒட்டினால் துணைக்கருவி, அவர்கள் பையில் இருந்தால் குப்பை.

ஒரு பையனிடம் துருப்பிடித்த சாவி ஒன்று இருந்தது. "இது எந்தப் பூட்டுச் சாவி?" என்று நான் கேட்கவில்லை. "இது எதுக்கு உதவும்?" என்றுதான் கேட்டேன். அவன் பேசாமல் நின்றான். கூடையில் போடச் சொன்னேன், போட்டான். மதியம் கூடையைக் கிளறிக்கொண்டிருந்தவனைப் பார்த்து அதட்டி அனுப்பினேன். அதற்குள் ஆயா குப்பையை எரித்துவிட்டிருந்தார்.

மண்டபத்தில் பேரன் பதில் சொல்லாமல் நின்றபோது எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பையன் இப்போது நாற்பதை நெருங்கியிருப்பான். பெயரை இங்கே எழுத மாட்டேன். தம்பி, நீ இதைப் படித்தால், அது எந்தப் பூட்டு என்று சொல்ல விருப்பம் இருந்தால் சொல். சொல்லாவிட்டாலும் சரி. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது, கேட்காமல் விட்டது என் தப்பு.

இளைய மகனே, உனக்கு: நீ நல்ல மாமன்தான், பையனுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவன். ஆனால் அடுத்த முறை நோட்டைப் பார்த்தால் ஒரு பொருளைச் சுட்டிக்காட்டி, "இது யாரோடதுல?" என்று கேள். அவன் நிறுத்தாமல் ஒரு மணி நேரம் பேசுவான். உனக்கும் பொழுது போகும்.

உறவினர்களுக்கு: பிள்ளைகள் எழுதுகிற, வரைகிற, சேர்க்கிற எல்லாவற்றுக்கும் மார்க் கேட்காதீர்கள். பள்ளிக்கூடம் போதுமான அளவு கேட்கிறது. நாங்கள் கேட்டே பழகியவர்கள்.

கடைசியாக எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம். போட்ட விலையை ரப்பரால் அழிக்கச் சொல்லியிருக்கிறேன், அடித்த பன்னிரண்டையும் திரும்ப எழுதச் சொல்லியிருக்கிறேன். "சரி ஆச்சி" என்றான், இன்னும் செய்தானா தெரியவில்லை. அவனுக்கு நூறு பொருள் வேண்டும். பத்து முகப் பகடை இரண்டை உருட்டினால் ஒன்றிலிருந்து நூறு வரை எந்த எண்ணும் வரலாம், அதனால் நூறு. கையில் 43 இருக்கிறது. இன்னும் 57 குறைகிறது.

ஆளுக்கு ஒன்று கீழே எழுதுங்கள். உங்கள் டவுசர் பையில் நான் பிடுங்கியதாக இருந்தாலும் சரி, உங்கள் வீட்டுப் பரணில் கிடப்பதாக இருந்தாலும் சரி. மந்திரம் வேண்டாம், தங்கம் வேண்டாம், விலை கண்டிப்பாக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது, அதற்குள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாலாம் வகுப்பு டீச்சர்