இரண்டு நண்பர்களும் ஒரு தீவும்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான். "சார், பிரிட்டனுக்கு அமெரிக்கா மாதிரி நமக்கும் ஒரு நட்பு நாடு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்?" அந்த நட்பை வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அதில் பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

உலகப் படத்தைப் பாருங்கள். கன்னியாகுமரியிலிருந்து தெற்கே, மாலத்தீவையும் தாண்டி, சுமார் 1,800 கி.மீ. தூரத்தில் ஒரு புள்ளி இருக்கும். அதுதான் டியாகோ கார்சியா. சாகோஸ் தீவுக் கூட்டத்தில் பெரியது.

1960களில் இந்தியப் பெருங்கடலில் ராணுவத் தளம் அமைக்க அமெரிக்காவுக்கு இடம் தேவைப்பட்டது. இடம் பிரிட்டனிடம் இருந்தது. பிரிட்டனுக்கோ அமெரிக்காவின் போலாரிஸ் ஏவுகணைகள் தேவைப்பட்டன. மொரீஷியஸுக்கு 1968இல் விடுதலை கிடைத்தது. அதற்கு முன்பே, 1965 நவம்பரில், சாகோஸை அதிலிருந்து பிரித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டது பிரிட்டன். அதற்கு ஈடாக 30 லட்சம் பவுண்டு கொடுத்தது. 1966 டிசம்பர் 30 அன்று இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் செய்தன. தீவு 50 ஆண்டுகளுக்கு, வாடகை கிடையாது என்பது வெளியில் சொன்ன கணக்கு. உள்ளே, போலாரிஸ் செலவில் 1 கோடியே 40 லட்சம் டாலரை அமெரிக்கா தள்ளுபடி செய்திருந்தது. இதை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கும் சொல்லவில்லை, அமெரிக்கக் காங்கிரசுக்கும் சொல்லவில்லை.

அந்தத் தீவுகளில் மனிதர்கள் இருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் இந்தியாவிலிருந்து கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். தென்னந்தோப்பில் கொப்பரை வேலை செய்து தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். அவர்களை நிலையான குடிகள் என்று ஒப்புக்கொண்டால் ஐ.நா.வுக்குப் பதில் சொல்ல வேண்டுமே! அதனால் அதிகாரிகள் 'தற்காலிக ஒப்பந்தத் தொழிலாளர்கள்' என்று காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். வைத்தியத்துக்காக மொரீஷியஸ் போனவர்களைத் திரும்பி வர விடவில்லை. 1971இல் டியாகோ கார்சியாவைக் காலி செய்தார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக் கொன்றார்கள். 1973க்குள் மற்றத் தீவுகளும் காலி. ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஊரை இழந்தார்கள்.

ஒலிவியே பான்கூ என்பவர் சிறு பிள்ளையாக இருந்தபோது, சகோதரியின் சிகிச்சைக்காக 1968இல் குடும்பத்தோடு மொரீஷியஸ் வந்தார். திரும்பிப் போக முடியவில்லை. பெரியவரானதும் பிரிட்டன் அரசு மீது வழக்குப் போட்டு 2000இல் வென்றார். 2004இல் அரசு புதிய ஆணை போட்டு அந்தக் கதவை மூடியது. 2008இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றார்கள்.

சரி, நண்பர்களுக்குள்ளாவது ஒளிவுமறைவு இல்லாமல் இருந்ததா? ரகசியக் கைதிகளை ஏற்றிய அமெரிக்க விமானங்கள் அந்தத் தீவில் இறங்கவில்லை என்று பிரிட்டிஷ் அமைச்சர்கள் உறுதி சொல்லிவந்தார்கள். 2002இல் இரண்டு விமானங்கள் இறங்கியது உண்மை என்று 2008இல் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபேண்ட் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. சொந்த மண்ணில் நடந்ததே வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை.

நட்பே வீண் என்று சொல்ல வரவில்லை. 1982 ஃபாக்லாந்து போரில் அமெரிக்கா கொடுத்த சைட்விண்டர் ஏவுகணைகள் பிரிட்டனுக்குப் பெரிய துணையாக இருந்தன. எந்த நாடும் தனியாக நிற்க முடியாது, நாமும்தான். ஆனால் அந்தத் துணைக்கான விலையை லண்டனும் கொடுக்கவில்லை, வாஷிங்டனும் கொடுக்கவில்லை. ஒப்பந்தத்தில் பெயரே இல்லாத கொப்பரைத் தொழிலாளிகள் கொடுத்தார்கள்.

2019இல் சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்தது சட்டப்படி சரியல்ல என்று கருத்துச் சொன்னது. அதே ஆண்டு ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம் வாக்களித்தன, இந்தியாவும் அதில் உண்டு. எதிர்த்தவை 6. 2025 மே 22இல் பிரிட்டனும் மொரீஷியஸும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி தீவுகள் மொரீஷியஸுக்கு, தளம் மட்டும் 99 ஆண்டுகளுக்கு பிரிட்டனிடம். மற்றத் தீவுகளில் மக்கள் குடியேறலாம், டியாகோ கார்சியாவில் முடியாது. தங்களைக் கேட்கவே இல்லை என்று சாகோஸில் பிறந்த இரண்டு பெண்கள் அன்றைக்கும் நீதிமன்றம் போனார்கள். சில மணி நேரம் தடை கிடைத்தது, அன்றே நீங்கியது.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 2021 அக்டோபரில் கடலில் தத்தளித்த இலங்கைத் தமிழர் படகு ஒன்று அந்தத் தீவில்தான் கரை சேர்ந்தது. பலர் மூன்று வருடத்துக்கும் மேலாகக் கூடார முகாமில் கிடந்தார்கள். அது சட்டவிரோதக் காவல் என்று நீதிமன்றம் சொன்னது 2024 டிசம்பரில்.

ஆகவே தம்பி, நட்பு நாடு நமக்கும் வேண்டும்தான். ஆனால் இரண்டு தலைவர்கள் கைகுலுக்கும் படத்தைப் பார்த்துக் கைதட்டும் முன் ஒரு கேள்வி கேள். இந்த ஒப்பந்தத்தால் யாருடைய வீடு போகப்போகிறது, அவரை யாராவது கேட்டார்களா? இதை அன்றைக்கே வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். தாமதம் என் தவறு.

உங்கள் கருத்தை எழுதுங்கள், மறுப்பு இருந்தாலும் எழுதுங்கள். படிக்கிறேன்.